பின் படிக்கட்டு

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. கண்ணாடியில் முன் படியின் ஓரம் கொஞ்சம் தெரியும், கூட்டம் ஏறிவிட்டால் அதுவும் தெரியாது. பின் படிக்கட்டில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், யார் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைப் படியிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை விசில்தான் சொல்ல வேண்டும். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ. பதினோரு வருடம் நடத்துநர் முத்துக்குமரனின் விசிலை நம்பித்தான் நான் மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் இடையில் பேருந்து ஓட்டினேன். ஒரு நாள்கூட வண்டி கிளம்பிய பிறகு பின்னாலிருந்து அலறல் கேட்டதில்லை.

ஆனால் அவனோடு வண்டி ஓட்டுவது லேசான வேலையும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின் படிக்கு வந்து, கம்பியைப் பிடித்து உடம்பை வெளியே சாய்த்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் ஊதுவான். யாராவது ஒரு கிழவி தூரத்தில் கூடையோடு நடந்து வருவது தெரிந்தால் போதும், விசில் வராது. முன்னால் நான் ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பேன். "என்ன கண்டக்டரே, கல்யாணத்துக்கு ஆள் சேக்குறீகளா?" என்று பயணிகள் கத்துவார்கள். நேரம் தப்பி வந்ததற்கு எங்கள் இரண்டு பேருக்கும் மெமோ கிடைக்கும். இறங்கியதும் நான் அவனைக் கிழிப்பேன்.

"மெமோ குடுத்தா வாங்கிக்கிருவோம்ணே. சக்கரத்துல ஒரு ஆளு விழுந்தா அத யாரு வாங்கிக்கிறது?" என்பான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியாது.

சமயநல்லூர்ப் பக்கம் வயல் கூலிக்குப் போன குடும்பம் அவனுடையது. அந்தக் குடும்பத்தில் அரசு வேலைக்கு வந்த முதல் ஆள். மனைவி பாண்டிமீனா, எட்டாவது படிக்கிற மகள் பாண்டிச்செல்வி. கட்டையான உருவம், முன் தள்ளிய தொப்பை, எந்நேரமும் வேர்வை. நாற்பதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் மருத்துவர். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போனவன் அங்கேதான் அந்த சைக்கிள்காரர்களிடம் மாட்டினான்.

மாட்டினான் என்றுதான் சொல்வேன். வீட்டில் கார் நிற்கும், ஆனால் தொடையை இறுக்கிப் பிடிக்கிற அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் சைக்கிளில் திருநெல்வேலிக்குப் போய்விட்டு வருவார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் ராஜாராம். சௌராஷ்டிரக்காரர், விளக்குத்தூண் பக்கம் சேலைக் கடை. ஐம்பது வயதிலும் கம்பு மாதிரி இருப்பார். முத்துக்குமரனிடம் எதைப் பார்த்தாரோ, தன் பழைய சைக்கிளைச் சும்மாவே கொடுத்துவிட்டார். அவருடைய அக்கா மகன் ஸ்ரீநாத், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், அவன்தான் இவனுக்கு கியர் போடச் சொல்லிக்கொடுத்தவன். மூன்று பேரும் ஒரு செட் ஆகிவிட்டார்கள்.

"ஏன்டா, கன்னியாகுமரிக்குப் போகணும்னா உனக்குத்தான் பாஸ் இருக்குல்ல? ஓசியில உக்காந்து போக வேண்டிய ஊருக்கு எதுக்குடா காலைத் தேய்க்கிற?" என்று கேட்டேன்.

"இம்புட்டு வருசம் அந்த ரோட்டுல நின்னுக்கிட்டே போயிட்டேன்ணே. இப்பத்தான் உக்காந்து போறேன்" என்று சிரித்தான்.

அவர்கள் போகிற அந்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் யாரும் ஜெயிப்பதில்லை. குறித்த நேரத்துக்குள் குறித்த தூரத்தை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். வழியில் சில ஊர்களில் சைக்கிள் சங்கத்து ஆட்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நேரத்துக்குள் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு கிலோமீட்டர் என்று நான்கையும் ஒரே வருடத்தில் முடித்தால் பெயர் பொறித்த பதக்கம் உண்டு. முதல் மூன்றை முக்கி முனகி முடித்துவிடுவான் முத்துக்குமரன். அறுநூறுதான் அவனைக் கவிழ்த்தது. ஒரு வருடம் சாத்தூரைத் தாண்டிச் சங்கிலி அறுந்தது. அடுத்த வருடம் மழை. நனைந்து கஞ்சியாகிப் போன அட்டையோடு, ஒரு டீ குடிக்கிற நேரம் தாமதமாக வந்து சேர்ந்தான். ஏற்றுக்கொள்ளவில்லை.

அந்தப் பதக்கத்தின் மேல் அவனுக்கு ஏன் அவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். விபத்தில்லாமல் ஓட்டியதற்காக டிப்போவில் எனக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். மேடையில் நான் வாங்கும்போது அவன் கீழே நின்று கைதட்டினான். அந்த விபத்தில்லாத வருடங்களில் பாதி அவனுடையது. ஆனால் நடத்துநருக்கு அப்படி ஒரு பதக்கம் கிடையாது. "எம் பேரு போட்டு ஒண்ணு வீட்டுல தொங்கணும்ணே, பாப்பா பாக்குறதுக்கு" என்று ஒரு தடவை சொன்னான். அதற்கப்புறம் நான் அவன் சைக்கிளைக் கிண்டல் செய்யவில்லை.

சைக்கிளிலும் அவன் நடத்துநராகத்தான் இருந்தான். எப்போதும் கடைசியில்தான் வருவான். வேகம் இல்லை என்பது ஒரு காரணம், பழக்கம் இன்னொரு காரணம். கழுத்தில் டிப்போ விசில் தொங்கும். சாலைச் சந்திப்பு வந்தால் முன்னால் போகிறவர்கள் கடந்து முடிக்கும்வரை பார்த்திருந்து, எல்லோரும் அந்தப் பக்கம் சேர்ந்ததும் இரண்டு விசில் ஊதுவான். முன்னால் போகிறவர்கள் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்காமலே மிதிப்பார்கள். கடைசியில் வருகிறவனுக்குப் பின்னால் நின்று ஊத யாரும் இல்லை என்பதை அவர்களில் ஒருத்தரும் யோசித்ததில்லை.

மூன்றாவது வருடம், மற்ற மூன்றையும் அவன் முடித்திருந்தபோது, அறுநூறு கிலோமீட்டர் ஓட்டம் தை மாதத்தில் வந்தது. சனிக்கிழமை காலை மதுரையில் கிளம்பிக் கன்னியாகுமரி, அங்கே படுத்துத் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பி, திருமங்கலம், சமயநல்லூர் வழியாகத் திண்டுக்கல் போய் மறுபடி மதுரை. அதுவரை டியூட்டியை மாற்றிக்கொண்டு போன முத்துக்குமரன், வேலைக்கு வந்து முதல் தடவையாகத் தனக்கென்று இரண்டு நாள் விடுப்புப் போட்டான். கன்னியாகுமரியில் கடலுக்கு முன்னால் மூன்று பேரும் நிற்கிற படத்தை எனக்கு அனுப்பியிருந்தான். பயல் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

இனிமேல் நான் சொல்வது ஸ்ரீநாத் பிறகு என்னிடம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கள்ளிக்குடியைத் தாண்டியதும் முத்துக்குமரனின் பின் சக்கரம் பஞ்சர். திருமங்கலத்தில் மேஜை மூடுவதற்கு அதிக நேரம் இல்லை. ராஜாராம் நின்றார். முத்துக்குமரன் அவரை விரட்டினான்.

"நீங்க போங்கண்ணே. எனக்காக நின்னு மூணு பேரு அட்டையும் போயிரப் போகுது. ட்யூப மாத்திட்டு பின்னாலயே வாரேன்."

போனார்கள். அவர்கள் திருமங்கலத்தை நெருங்கும்போது ஸ்ரீநாத்தின் போனுக்கு அவன் குரல் வந்தது. "மாப்ள, ரெடி பண்ணிட்டேன். கெளம்பிட்டேன்."

திருமங்கலத்தில் பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் மேஜை போட்டு முத்திருளன் என்ற சங்கத்து ஆள் உட்கார்ந்திருந்தான். மற்ற எல்லோரும் வந்து போய்விட்டார்கள். ராஜாராம் தெற்கே பார்த்துக்கொண்டே நின்றார். லாரிதான் வந்தது, பேருந்துதான் வந்தது. முத்திருளன் கடிகாரத்தைப் பார்த்தான்.

மூன்று பேருடைய அட்டையும் ராஜாராமிடம் இருந்தது. முந்தைய வருடம் மழையில் கெட்டுப்போனதால், முத்துக்குமரன் தன் அட்டையை இந்தத் தடவை அவரிடமே கொடுத்து வைத்திருந்தான். தண்ணீர் புகாத உறையில் போட்டு அவர்தான் பத்திரமாகக் கொண்டுவந்தார். அதைத் திறந்து மூன்றையும் மேஜையில் வைத்தார்.

"முத்துக்குமரன் சார் எங்க?" என்று முத்திருளன் கேட்டிருக்கிறான்.

"வந்துட்டான்யா. பின்னாடி ஹோட்டல்ல மூஞ்சி கழுவிக்கிட்டு இருக்கான். நீ போடு."

ராஜாராம் பொய் பேசுகிற ஆள் இல்லை. சாயம் போகும் என்றால் போகும் என்று சொல்லித்தான் சேலை விற்பார். அவர் சொன்னதால்தான் முத்திருளன் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று முத்திரையும் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் வந்துவிடப் போகிறான், அந்த ஐந்து நிமிடத்துக்காக மூன்று வருட ஆசை போக வேண்டுமா என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். அவன் மேல் இருந்த பிரியத்தில் செய்த காரியம் அது. எனக்கு அதுதான் இன்றைக்கும் தாங்கவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் ஆத்திரத்தைக் கொட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அந்தச் சங்கத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேஜையை மூடும்போது யாராவது வந்து சேரவில்லை என்றால், ஒரு வேன் வந்த வழியே மெதுவாகத் திரும்பிப் போகும். ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறானா, மரத்தடியில் படுத்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே போய் ஆளை ஏற்றி வரும். முத்திருளன் வேன்காரருக்குப் போன் செய்தான். "கடைசி ஆளும் வந்தாச்சுண்ணே. வண்டிய திண்டுக்கல்லுக்கு விடுங்க" என்றான். வேன் வடக்கே போய்விட்டது.

அந்த நேரத்தில் முத்துக்குமரன் கள்ளிக்குடிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழே கிடந்தான். என்ன வண்டி இடித்தது என்று இன்றுவரை தெரியாது. சைக்கிள் சீமைக்கருவேலப் புதருக்குள் போய்விட்டது. சாலையில் போகிறவர்களுக்கு எதுவும் தெரியாது. எங்கள் டிப்போ வண்டிகளே அன்றைக்கு எத்தனை அந்தப் பாலத்தைக் கடந்திருக்கும். தேடிக்கொண்டு மெதுவாகப் போகிற ஒரு வண்டிக்கு மட்டும்தான் அது கண்ணில் பட்டிருக்கும்.

இரண்டு பேரும் காத்திருந்தார்கள். போன் அடித்தார்கள், அவன் எடுக்கவில்லை. பணியில் இருக்கும்போது போனைத் தொடாத பழக்கம் அவனுக்கு, சைக்கிளிலும் அப்படித்தான். "சீல் போட்டாச்சு முத்து, பதறாம வா" என்று ராஜாராம் குரல் பதிந்து அனுப்பினார். கொஞ்ச தூரம் போய் நிற்கலாம், வந்து சேர்ந்துகொள்வான் என்று சமயநல்லூர்வரை போனார்கள். அங்கே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தபோதுதான் ஸ்ரீநாத்துக்குப் பயம் பிடித்திருக்கிறது.

"மாமா, முத்திருளன்கிட்டச் சொல்லிருவோம். வேன அனுப்பிப் பாக்கட்டும்."

"இப்பச் சொன்னா அவன் அட்டை செல்லாமப் போயிரும்டா. அம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்துட்டு... இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்."

அந்தக் கொஞ்ச நேரம் வெயில் சாயும்வரை நீண்டது. அதற்கு மேல் முடியாமல் இரண்டு பேரும் சைக்கிளைத் திருப்பினார்கள். போகும் வழியில் ராஜாராம் மறுபடி போன் அடித்தார். யாரோ எடுத்தார்கள். ஒரு பெண் குரல்.

பாண்டியம்மாள் என்று பெயர். ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள், மங்கின வெளிச்சத்தில் புதருக்குள் சிவப்பாக ஏதோ விட்டு விட்டு எரிவதைப் பார்த்திருக்கிறாள். சைக்கிளின் பின் விளக்கு. பகலெல்லாம் அது அப்படித்தான் எரிந்துகொண்டிருந்திருக்கும், வெயிலில் யாருக்குத் தெரியும்? அதைப் பார்த்து இறங்கினவள்தான் கீழே ஆளைப் பார்த்தாள்.

"உசுரு இருக்குய்யா. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன். நீங்க யாரு, இவுகளுக்கு வேண்டியவுகளா?" என்று கேட்டிருக்கிறாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது பாண்டிமீனா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னை அண்ணன் என்று நினைத்துக்கொண்டு ஒரு மருத்துவர் தனியாக அழைத்துப் பேசினார். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, மதியமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். மறுநாள் முற்பகல் முத்துக்குமரன் போய்விட்டான். நான் அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னைப் பற்றி டிப்போவில் யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலை இல்லை.

அத்தோடு முடிந்திருந்தால் வேறு. போலீஸ் விசாரணையில் ஒரு விஷயம் இடித்தது. சங்கத்தின் கணக்குப்படி அவன் மதியமே திருமங்கலத்துக்கு வந்து முத்திரை வாங்கிவிட்டான். ஆனால் கிடந்த இடமோ திருமங்கலத்துக்குத் தெற்கே, அவன் வந்த பாதையில். எப்படி என்று எஸ்.ஐ. கேட்டார். அந்த இடத்தில் ராஜாராம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை அவருக்கு. "எதையோ விட்டுட்டு எடுக்கத் திரும்பிப் போயிருப்பான் போலருக்கு சார்" என்று சொல்லிவிட்டார்.

முதல் பொய்யாவது பிரியத்தில் சொன்னது. இந்த இரண்டாவது பொய்தான் வீட்டுக்குள் புகுந்தது. கூட வந்த இரண்டு பேரிடமும் சொல்லாமல், அடித்துப் பிடித்து வந்த பாதையிலேயே தனியாகத் திரும்பிப் போனான் என்றால் எதற்குப் போனான்? டிப்போ டீக்கடையில் ஒருத்தன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "கள்ளிக்குடில எறங்குற அம்மாவுக்கெல்லாம் நம்ம கண்டக்டரு நின்னு நின்னுதான் விசில் ஊதுவாரு" என்றான். கையிலிருந்த டீயை அவன் சட்டையில் ஊற்றினேன். நாலு பேர் வந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். ஊற்றி என்ன செய்ய, பேச்சு ஊருக்குள் போய்விட்டது.

துக்கத்துக்கு வந்த சொந்தக்காரி முனீஸ்வரி என்பவள் பாண்டிமீனாவிடமே கேட்டிருக்கிறாள், அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று. அதற்கப்புறம் பாண்டிமீனா அழுவதை நிறுத்திவிட்டாள். நான் போனபோது அவன் படத்தை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, பதினோரு வருசம் அவுகளோட ஒண்ணா இருந்திருக்கீக. மறைக்காமச் சொல்லுங்க. அங்க யாரு இருக்கா? எதுக்குத் திரும்பிப் போனாக? அழுகணுமா, காறித் துப்பணுமான்னுகூடத் தெரியாம உக்காந்திருக்கேன்ணே."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல தாயி" என்றேன். "அப்ப எதுக்குப் போனாக?" என்று திரும்பக் கேட்டாள். செத்தவன் வந்து சொல்ல முடியாது. நான் சத்தியம் செய்தாலும், கூட வேலை பார்த்தவன் மறைக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றும். பாண்டிச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெயரைப் பதக்கத்தில் பார்க்க வேண்டிய பிள்ளை.

மறுநாள் காலையில் டிப்போ வாசலில் ஸ்ரீநாத் நின்றான். தாடி, சிவந்த கண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவனை அங்கேயே விட்டுவிட்டு நேராக விளக்குத்தூணுக்குப் போனேன். கடையில் ஆள் இருந்தது. ராஜாராம் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போலீசுல சொல்றது, சங்கத்துல சொல்றதெல்லாம் அப்புறம். மொதல்ல அந்தப் பாண்டிமீனாகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பாது. நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

"வாரேன்" என்றார். கல்லாவைக்கூடப் பூட்டாமல் என்னோடு வந்தார்.

பாண்டிமீனாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். பஞ்சர் ஆனதைச் சொன்னார். தன்னிடம் இருந்த அட்டையைச் சொன்னார். மூஞ்சி கழுவுகிறான் என்று சொன்னதைச் சொன்னார். எஸ்.ஐ.யிடம் பேசியதையும் விடவில்லை.

"அப்ப அவுக திரும்பிப் போகலையா?"

"இல்லம்மா."

"யாரையும் பாக்கப் போகலையா?"

"இல்லம்மா. அவன் திருமங்கலத்துக்கே வந்து சேரல. எங்க பின்னால வந்துக்கிட்டு இருந்தான், அம்புட்டுத்தான்."

அவளுக்கு மூச்சு வந்தது. உடம்பே தளர்ந்து சுவரில் சாய்ந்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற மகளைக் கூப்பிட்டு மடியில் போட்டுக்கொண்டு, பல நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்த்து அழுதாள். படத்தைப் பார்த்து அழுதாள். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது, அவன் பெயர் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று.

பிறகு அவள் அழுகை மெல்ல நின்றது. சொன்னதன் மிச்சம் அப்போதுதான் அவளுக்குள் இறங்கியிருக்க வேண்டும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜாராமைப் பார்த்தாள்.

"நீங்க அவுக வரலன்னு சொல்லியிருந்தா, அந்த வேனு தேடிப் போயிருக்குமா?"

நான்தான் சொன்னேன், போயிருக்கும் என்று.

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. மகளின் தலையைத் தடவிக்கொண்டே ரொம்ப மெதுவாகப் பேசினாள்.

"இத்தன வருசம் அவுக விசில் ஊதுனாக. பின் படியில ஆளு நிக்கிதான்னு எட்டிப் பாக்காம ஒரு நாளும் ஊதுனதில்ல. அதுக்காக எம்புட்டு ஏச்சு வாங்கியிருக்காக. நீங்க, ஆளு ஏறலன்னு தெரிஞ்சே ரைட்டு குடுத்திட்டீகளே."

ராஜாராம் தரையில் நெற்றி படக் குனிந்தார். அவரை யாரும் தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை.

போலீசிலும் சங்கத்திலும் அவரே போய்ச் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சைக்கிளை விட்டுவிட்டார், கடையில் உட்காருவதும் குறைந்துவிட்டதாம். நான் மறுபடி கோவில்பட்டி வண்டியை எடுத்தேன். புதிதாக வந்த நடத்துநர் நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு, நேரம் தப்ப விடமாட்டான். திருமங்கலத்தில் ஆட்கள் ஏறினார்கள். பின்னாலிருந்து இரண்டு விசில் வந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி நின்று, கூட்டத்துக்கு நடுவே பின் படிக்கட்டைப் பார்த்தேன். பயணிகள் கத்தினார்கள்.